கைக்குழந்தையோடு விளையாட ஒரு படிப்பா? கேட்ட அம்மாவுக்கு ஒரு பதில்

வணக்கம் அம்மா. அன்றைக்கு மேற்படிப்பு பற்றிக் கேட்க நீங்கள் மகளோடு வந்தபோது நேரம் போதவில்லை. கிளம்பும்போது கதவருகே நின்று, "பன்னிரண்டு வருஷம் படிக்க வெச்சது கைக்குழந்தையோட விளையாடுறதுக்கா சார்?" என்று கேட்டீர்கள். அது கோபமில்லை, பயம் என்று தெரிந்தது. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

கைக்குழந்தைகளின் வளர்ச்சிக்கு உதவும் தெரபிஸ்ட் ஆக வேண்டும் என்ற ஆசை உங்கள் மகளுக்கு எங்கிருந்து வந்தது என்று அவளே சொன்னாள். அக்காவுக்குக் குறைமாதத்தில் பிறந்த பையனைத் தூக்கிக்கொண்டு மாவட்ட மருத்துவமனையின் ஆரம்பநிலை இடையீட்டு மையத்துக்கு (வளர்ச்சியில் பின்தங்கும் குழந்தைகளுக்குச் சின்ன வயதிலேயே பயிற்சி தரும் இடம்) மாதக்கணக்கில் துணைக்குப் போயிருக்கிறாள். அங்கே ஒரு பாய், கிலுகிலுப்பை, சிவப்புத் துணிப்பந்து, அவ்வளவுதான். தெரபிஸ்ட் பந்தை மெல்ல நகர்த்துகிறார், குழந்தை கண்ணால் பின்தொடர்கிறான், அப்புறம் தலையைத் திருப்புகிறான், ஒரு நாள் தோளும் கூடவே திரும்பிக் குப்புற விழுகிறான். வெளியிலிருந்து பார்த்தால் விளையாட்டுதான். உங்கள் மகள் அதில் வேறொன்றைப் பார்த்துவிட்டாள். பந்தை ஏன் இடது பக்கமே கொண்டுபோகிறார், ஏன் அந்த உயரத்தில் பிடிக்கிறார் என்று அவரிடமே கேட்டிருக்கிறாள். +2 படிக்கிற பெண் அப்படிக் கேட்பதை நான் சாதாரணமாக எடுத்துக்கொள்வதில்லை.

விளையாட்டு என்ன செய்யும் என்பதற்கு ஜமைக்காவில் நடந்த ஒரு ஆய்வைச் சொல்கிறேன். 1980களின் பிற்பகுதியில் கிங்ஸ்டன் நகரத்தின் ஏழைக் குடும்பங்களில், ஊட்டமில்லாமல் வளர்ச்சி குன்றிய 129 குழந்தைகளை சாலி கிரந்தம்-மெக்ரெகர் என்ற ஆய்வாளரின் குழு எடுத்துக்கொண்டது. வயது 9 முதல் 24 மாதம். ஒரு பிரிவுக்குப் பால் சார்ந்த சத்துணவு. இன்னொரு பிரிவுக்கு வாரம் ஒருமுறை சுகாதாரப் பணியாளர் வீட்டுக்கே வந்து, தாயையும் குழந்தையையும் சேர்த்து உட்காரவைத்து ஒரு மணி நேரம் விளையாட்டு. மூன்றாவது பிரிவுக்கு இரண்டும். நான்காவது பிரிவுக்கு இரண்டும் இல்லை. இது இரண்டு வருடம் நடந்தது. பொம்மைகளை வீட்டில் தூக்கிப்போடும் பொருட்களிலிருந்தே செய்தார்கள். வந்தவர்கள் டாக்டர்களும் இல்லை, நம் ஊர் அங்கன்வாடி ஊழியர், கிராம சுகாதாரப் பணியாளர் மாதிரியானவர்கள்.

அந்தக் குழந்தைகளை ஆய்வாளர்கள் விட்டுவிடவில்லை. 22 வயதில் மறுபடியும் தேடிப் பார்த்தார்கள். விளையாட்டு கிடைத்தவர்கள், கிடைக்காதவர்களைவிட சுமார் 25 சதவீதம் அதிகம் சம்பாதித்தார்கள். சத்துணவு மட்டும் பெற்றவர்களிடம் இந்த மாற்றம் தெரியவில்லை. 2014இல் இந்த முடிவு வந்தபோது, அதை எழுதிய குழுவில் நோபல் பரிசு பெற்ற பொருளாதார அறிஞர் ஜேம்ஸ் ஹெக்மேனும் இருந்தார். கிலுகிலுப்பை ஆட்டுவதைப் பற்றிய கணக்கைப் பொருளாதார அறிஞர்கள் உட்கார்ந்து போட்டிருக்கிறார்கள், அம்மா.

இன்னொன்று, உங்கள் பேரன் விஷயத்துக்கு நெருக்கமானது. மூளை முடக்குவாதத்தை (செரிப்ரல் பால்ஸி, மூளைப் பாதிப்பால் கை கால் அசைவில் வரும் குறைபாடு) முன்பெல்லாம் ஒன்று, ஒன்றரை வயதுக்கு அப்புறம்தான் உறுதிசெய்வார்கள். அதுவரை வீட்டில் "அவங்க அப்பாவே லேட்டாதான் நடந்தாரு" என்று தேற்றிக்கொள்வோம். ஹைன்ஸ் பிரெக்டல் என்ற நரம்பியல் அறிஞர் கைக்குழந்தைகள் மல்லாந்து படுத்துத் தானாகக் கை கால் ஆட்டுவதைப் பல வருடம் வீடியோ எடுத்துப் பார்த்தார். மூன்றிலிருந்து ஐந்து மாதத்துக்குள் எல்லாக் குழந்தைக்கும் ஒருவகைச் சின்னச்சின்னத் துறுதுறு அசைவு வரவேண்டும், அது வராமல் போனால் மூளை முடக்குவாத ஆபத்துக்கான வலுவான அறிகுறி என்று கண்டார். குறைமாதக் குழந்தைக்கு இந்த மாதக் கணக்கைப் பிறந்த நாளிலிருந்து போடக்கூடாது, பிரசவத்துக்குக் குறித்த தேதியிலிருந்து போட வேண்டும். 2017இல் உலகம் முழுவதிலுமிருந்து நிபுணர்கள் சேர்ந்து, ஆறு மாதத்துக்கு முன்பே கண்டுபிடித்துச் சிகிச்சை தொடங்க முடியும் என்று ஆதாரங்களைத் தொகுத்து வெளியிட்டார்கள். அதற்குத் தலைமை தாங்கிய அயோனா நோவாக் எம்பிபிஎஸ் படித்தவர் இல்லை. ஆஸ்திரேலியாவில் ஆக்குபேஷனல் தெரபி (அன்றாடச் செயல்களைச் செய்யப் பழக்கும் சிகிச்சை) படித்துத் தொழிலுக்கு வந்தவர். உங்கள் மகளிடம் இந்தப் பெயரைச் சொல்லுங்கள். எம்பிபிஎஸ் கிடைக்காவிட்டால் எல்லாம் முடிந்தது என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள்.

சரி, படிப்புக்கு வருவோம். இங்கேதான் பலரும் தவறுகிறார்கள். "சைல்ட் டெவலப்மென்ட்" என்று பெயர் போட்ட ஏதாவது ஒரு படிப்பில், ஆறு வார ஆன்லைன் சான்றிதழில்கூடச் சேர்ந்துவிடுகிறார்கள். அதை வைத்து ஒரு குழந்தையைத் தொட்டுச் சிகிச்சை செய்ய அனுமதி கிடையாது. முதலில் ஒரு அடிப்படைத் தொழில் கையில் இருக்க வேண்டும். கைக்குழந்தைகள் அதற்கு மேல் வரும் சிறப்புப் பிரிவு.

தெரபிஸ்ட் பந்தை நகர்த்தியதை அவள் பார்த்த விதத்தை வைத்துச் சொன்னால், பிசியோதெரபியோ ஆக்குபேஷனல் தெரபியோ அவளுக்குப் பொருந்தும். இன்டர்ன்ஷிப்பையும் சேர்த்தால் நாலரை முதல் ஐந்து வருடம். என் மனம் ஆக்குபேஷனல் தெரபி பக்கம் சாய்கிறது. சாப்பிடுவது, உடுத்துவது, பொருளைப் பிடிப்பது, விளையாடுவது என்று குழந்தையின் நாள் முழுவதையும் அது பார்க்கிறது. அதைச் சொல்லித்தரும் கல்லூரிகளும் குறைவு, படித்தவர்களும் குறைவு. வேலூர் சிஎம்சியில் இந்தப் படிப்பும் இருக்கிறது, குழந்தை வளர்ச்சிக்கென்றே தனித் துறையும் இருக்கிறது. மருத்துவம் சார்ந்த இந்தத் தொழில்களை ஒழுங்குபடுத்த 2021இல் தேசிய ஆணையச் சட்டம் வந்துவிட்டதால் சேர்க்கை விதிகள் மாறிக்கொண்டிருக்கின்றன. போன வருடம் சேர்ந்த பக்கத்து வீட்டுப் பெண் சொன்னதை நம்பாமல், இந்த வருட அறிவிப்பையே பாருங்கள்.

பேச்சு, கேட்பு பக்கம் ஆர்வமிருந்தால் பிஏஎஸ்எல்பி என்ற பட்டப்படிப்பு, நான்கு வருடம். மைசூரில் உள்ள அகில இந்திய பேச்சு மற்றும் கேட்புக் கழகம் இதில் பெரிய இடம். பிறந்து ஒரு மாதத்துக்குள் காது சோதனை, மூன்று மாதத்துக்குள் உறுதிசெய்தல், ஆறு மாதத்துக்குள் பயிற்சி என்பது இந்தத் துறையின் பால பாடம். சென்னை பால வித்யாலயா 1969இலிருந்து காது கேளாத சின்னக் குழந்தைகளை, தாயையும் பக்கத்தில் வைத்துக்கொண்டே பேசப் பழக்கிவருகிறது. அவளை ஒருமுறை அழைத்துப்போய்க் காட்டினால் நல்லது. உளவியல், சிறப்புக் கல்வி வழிகளும் உண்டு. அவற்றில் எதை எடுத்தாலும், இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு கிடைக்கும் படிப்பா என்று கேட்காமல் பணம் கட்டாதீர்கள். பேச்சுப் பயிற்சிக்கும் அதே விதிதான்.

பட்டம் முடித்த பிறகுதான் கைக்குழந்தைப் பிரிவு. முட்டுக்காட்டில் உள்ள மத்திய அரசின் பல்வகை மாற்றுத்திறன் நிறுவனத்திலும், செகந்திராபாத்தில் உள்ள அறிவுசார் குறைபாடுடையோருக்கான தேசிய நிறுவனத்திலும் ஆரம்பநிலை இடையீட்டில் முதுநிலை டிப்ளமோ உண்டு. ஆராய்ச்சிதான் பிடிக்கிறது என்றால் திருவனந்தபுரம் குழந்தை வளர்ச்சி மையத்தைச் சொல்வேன். அங்கன்வாடி ஊழியரே வீட்டு வாசலில் நின்று பார்த்துச் சொல்லும்படி, பதினேழே வளர்ச்சிப் படிகள் கொண்ட ஒரு வளர்ச்சி அட்டையை உருவாக்கியவர்கள் அவர்கள். எனக்கு அந்த அட்டை மேல் தனி மரியாதை.

சம்பளத்தைப் பற்றி மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். ஆரம்பத்தில் குறைவு. 2013இல் தொடங்கிய மத்திய அரசின் குழந்தைகள் நலத் திட்டத்தில் மாவட்டத்துக்கு ஒரு மையம் என்று வந்ததால் வேலை இடங்கள் உருவாகின, ஆனால் பெரும்பாலும் ஒப்பந்தப் பணி. தனியார் தெரபி மையங்களில் முதல் இரண்டு மூன்று வருடம் உழைப்புக்கேற்ற பணம் வராது. அனுபவமும் முதுநிலைப் படிப்பும் சேர்ந்த பிறகு நிலைமை மாறும். லட்சக்கணக்கில் கடன் வாங்கித் தனியார் கல்லூரியில் சேர்ப்பதாக இருந்தால், அந்தக் கடனை இந்த ஆரம்பச் சம்பளத்தோடு வைத்துப் பாருங்கள். பொருந்தவில்லை என்றால் அரசுக் கல்லூரிக்கோ கட்டணம் குறைந்த இடத்துக்கோ முயற்சிப்போம். ஒரு வருடம் தாமதமானாலும் பரவாயில்லை.

இன்னொரு விஷயத்தை மகளிடம் நானே பேச வேண்டும். குழந்தை பிடிக்கும் என்பது மட்டும் இந்த வேலைக்குப் போதாது. தெரபிஸ்ட் கையில் குழந்தை இருப்பது வாரத்துக்கு ஒரு மணி நேரம், மீதி நேரமெல்லாம் வீட்டில். தூங்காமல் கண் சிவந்து வரும் தாய், "ஜாதகத்துல இருக்கு, சரியாயிடும்" என்னும் தாத்தா, செலவுக்கு முகம் சுளிக்கும் அப்பா, இவர்களிடம் பொறுமையாகப் பேசத் தெரிய வேண்டும். காலை நீட்டி உட்கார்ந்து பேரனைப் போட்டுக் குளிப்பாட்டினீர்களே, அந்த நேரத்தில் அவன் இறுகிய காலை எப்படிப் பிடித்து விரிக்க வேண்டும் என்று அந்த தெரபிஸ்ட் உங்களுக்குச் சொல்லிக்கொடுத்தாராம். மகள் சொன்னாள். நீங்களும் தினமும் அதைச் செய்தீர்களாம். அந்தச் சிகிச்சையில் பாதி உங்கள் கையால் நடந்தது.

பேரனுக்கு அடுத்த தேதி எப்போது? அன்றைக்கு அக்காவோடு அவளும் போகட்டும். இந்த முறை குழந்தையைப் பார்க்க வேண்டாம், தெரபிஸ்ட் உங்கள் மூத்த மகளிடம் என்ன பேசுகிறார், எப்படிப் பேசுகிறார் என்று மட்டும் கவனித்து ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு வரச் சொல்லுங்கள். அதைப் படித்துவிட்டு எந்தப் படிப்பு என்று முடிவுசெய்வோம். நீங்களும் வாருங்கள்.