நெல்லைக்குப் புறவழிச்சாலை அறிவித்த பிறகும் பணி ஏன் உடனே தொடங்குவதில்லை?

சட்டமன்றத்தில் மானியக் கோரிக்கையின்போது, அதாவது துறையின் செலவுக்கு ஒப்புதல் கேட்கும் விவாதத்தின்போது, ஒரு சாலையை அறிவிப்பதும் அதற்குப் பணம் ஒதுக்குவதும் ஒன்றல்ல. விரிவான திட்ட அறிக்கை தயாராகி, நிதித்துறையின் இசைவுடன் நிர்வாக ஒப்புதல் (பணியையும் அதன் செலவையும் அரசு ஏற்பது) அரசாணையாக வெளிவந்து, தலைமைப் பொறியாளர் மதிப்பீட்டுக்குத் தொழில்நுட்ப ஒப்புதல் அளித்த பின்னரே, 1998ஆம் ஆண்டின் ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைத்தன்மைச் சட்டப்படி ஒப்பந்தப்புள்ளி கோரப்படும்.

நெல்லையில் பெரும் தாமதம் நிலத்தில்தான் நேரும் என்பது என் கருத்து. தாமிரபரணிப் பாசன நஞ்சையைக் கடக்கும் சாலைக்கு, 2001ஆம் ஆண்டின் தமிழ்நாடு நெடுஞ்சாலைகள் சட்டத்தின் 15ஆம் பிரிவில் அறிவிக்கை வெளியிட்டு, உரிமையாளர்களின் ஆட்சேபங்களைக் கேட்டு, இழப்பீட்டையும் தீர்மானிக்க வேண்டும். வாய்க்கால்களுக்கும் மடைகளுக்கும் சிறுபாலங்கள் சேரச்சேர மதிப்பீடு உயர்ந்து, திருத்திய நிர்வாக ஒப்புதல் தேவைப்படலாம். 1843இல் சுலோசன முதலியார் சொந்தப் பணத்தில் ஆற்றுப்பாலம் கட்டிக்கொடுத்த ஊர் இது. அவருக்கு இத்தனை கோப்புகள் இருந்திருக்காது.