கிரியேட்டினின் 1.3: கீமோவைத் தள்ளிவைத்தது சரியா?

கேள்வி: என் அம்மாவுக்கு வயது 54. கருப்பைவாய்ப் புற்றுநோய்க்காக மூன்று வாரங்களாகக் கரண்ட் (கதிர்வீச்சு) வைக்கிறார்கள்; வாரம் ஒருமுறை சிஸ்பிளாட்டின் என்ற கீமோ மருந்தும் ஏற்றுகிறார்கள். தொடக்கத்தில் 0.8 ஆக இருந்த கிரியேட்டினின் 1.3 ஆகிவிட்டது என்று நான்காவது கீமோவைத் தள்ளிவைத்துவிட்டார்கள். 1.2 வரை சரி என்று ஆய்வக அறிக்கையிலேயே இருக்கிறது. இந்தச் சிறு வித்தியாசத்துக்காகச் சிகிச்சையை நிறுத்தலாமா?
- வாசகி, திண்டுக்கல்

பதில்: வித்தியாசம் சிறிதன்று. 0.8 இலிருந்து 1.3 ஆகியிருந்தால், சிறுநீரகங்களின் வடிகட்டும் திறனில் மூன்றில் ஒரு பங்குக்கு மேலேயே குறைந்திருக்கலாம். கிரியேட்டினின் தசையிலிருந்து வந்து சிறுநீரகம் வடிகட்டி வெளியேற்றும் கழிவு என்பதால், சாப்பாடு இறங்காமல் மெலிந்துபோனவர்களிடம் அது சிறுநீரகப் பாதிப்பை உண்மை நிலையைவிடக் குறைவாகவே காட்டும். ஆகவே அறிக்கையில் அச்சிட்டிருக்கும் வரம்பை விட்டுவிட்டு, அம்மாவின் பழைய அளவோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

சிஸ்பிளாட்டின் பிளாட்டினம் சேர்ந்த மருந்து. சிறுநீரக நுண்குழாய்களின் செல்கள் அதை உள்ளே இழுத்துத் தேக்கிக்கொண்டு சிதைகின்றன. கீமோவுக்கு முன்னும் பின்னும் சலைன் ஏற்றுவது இதற்காகத்தான். வீட்டுக்கு வந்தபின் இரண்டு மூன்று நாள் வாந்தியில் தண்ணீர்கூடத் தங்காமல் போனால், அந்தப் பாதுகாப்பு வீணாகிவிடும். மெக்னீசியமும் சிறுநீரில் வெளியேறும் என்பதால், கெண்டைக்காலில் குரக்கு பிடிக்கிறது என்று அம்மா சொன்னால் அசதி என்று விட்டுவிடாமல் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

எனினும் இந்தப் புற்றுநோயில் பழியை மருந்தின் மீது மட்டும் போட்டுவிட முடியாது. சிறுநீரகங்களிலிருந்து சிறுநீர்ப்பைக்கு இறங்கும் இரு குழாய்களும் கருப்பைவாயை ஒட்டியே செல்கின்றன. கட்டி அவற்றை நெருக்கினால் சிறுநீர் தேங்கிச் சிறுநீரகம் வீங்கும். வயிற்று ஸ்கேனில் இது பெரும்பாலும் தெரிந்துவிடும். அடைப்பு இருந்தால் அந்தக் குழாய்க்குள் ஸ்டென்ட் என்ற மெல்லிய குழல் வைத்தோ, முதுகுப் பக்கமாகக் குழாய் செருகியோ சிறுநீரை வடியவிட்டதும் கிரியேட்டினின் இறங்குவதுண்டு. ஸ்கேன் எடுத்தார்களா என்று கேளுங்கள்.

தள்ளிப்போனது கீமோதான். மருத்துவரே நிறுத்தச் சொன்னாலொழிய, கரண்ட் வைப்பதை ஒரு நாளும் தவறவிடாதீர்கள். உள்கதிர் சிகிச்சையையும் (உடலுக்குள்ளிருந்தே கதிர் கொடுப்பது) சேர்த்து 8 வாரங்களுக்குள் எல்லாவற்றையும் முடிப்பதே நோக்கம்.

நீங்கள் கேட்கவில்லை என்றாலும் ஒன்று சொல்ல வேண்டும். இடுப்பு வலிக்கு மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன் போன்ற மாத்திரைகள் ஏற்கெனவே தளர்ந்திருக்கும் சிறுநீரகத்துக்கு வரும் இரத்த ஓட்டத்தை மேலும் குறைக்கும். வலிக்கு வேறு மருந்தை உங்கள் மருத்துவரே எழுதித் தருவார். சிறுநீர் வெகுவாகக் குறைந்தால் அடுத்த தேதி வரை காத்திராமல் அன்றே அழைத்துச் செல்லுங்கள்.