வாசகர் கேள்வி: பாடத்தை மாதவாரியாகப் பிரித்தால் போதுமா?

கேள்வி: நீடாமங்கலம் பக்கம் ஒரு சின்னப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு எடுக்கிறேன். ஆண்டுத் திட்டம் கேட்டால் பாடநூலின் பொருளடக்கத்தை மாதவாரியாகப் பிரித்து எழுதிக் கொடுத்துவிடுகிறோம். இதுதான் கலைத்திட்டமா? (ஓர் ஆசிரியை)

பதில்: இல்லை டீச்சர். நீங்கள் எழுதுவது கால அட்டவணை. எதற்காகக் கற்பிக்கிறோம் என்பதில் தொடங்கி, பிள்ளைக்கு அது வந்ததா என்று பார்ப்பது வரை எல்லாம் சேர்ந்ததுதான் கலைத்திட்டம். 1949-இல் அமெரிக்கக் கல்வியாளர் ரால்ஃப் டைலர் வைத்த நான்கு கேள்விகளை பி.எட். படித்தவர்கள் மனப்பாடமே செய்திருப்போம்: நோக்கம் என்ன, அதற்கு என்ன அனுபவம் தருவது, அதை எப்படி அடுக்குவது, நோக்கம் நிறைவேறியதா என்று எப்படி அறிவது. தேர்வில் எழுதினோம், வகுப்புக்குப் போனதும் மறந்துவிட்டோம்.

பரப்பளவை எடுத்துக்கொள்ளுங்கள். 'சூத்திரம் தெரிய வேண்டும்' என்று நோக்கம் வைத்தால் ஒரு பீரியடில் முடிந்துவிடும். 'ஓர் இடத்தை அளந்து பரப்பைச் சொல்ல வேண்டும்' என்று வைத்துப் பாருங்கள், பிள்ளைகளை வெளியே கூட்டிப்போகாமல் நடக்காது. 12 அடிக்கு 12 அடி ஒரு குழி, 100 குழி ஒரு மா, 20 மா ஒரு வேலி என்பதை நம் பக்கத்து விவசாயி வீட்டுப் பிள்ளைகள் காதில் கேட்டே வளர்கிறார்கள், ஆனால் வகுப்புக்குள் வந்ததும் அது கணக்கே இல்லை என்பதுபோல் வாயை மூடிக்கொள்கிறார்கள். நான் வேலை பார்த்த பள்ளியில் 60 அடிக்கு 48 அடி இடம் ஒன்றைக் கயிறு வைத்து அளக்கச் சொன்னேன். எல்லாரும் 2,880 சதுர அடிக்குப் பெருக்கிக்கொண்டிருக்க, ஒரு பெண் கயிற்றில் 12 அடிக்கு ஒரு முடிச்சு போட்டு, நீளத்தில் ஐந்து, அகலத்தில் நாலு என்று எண்ணி, "இருபது குழி சார்" என்றாள். அந்தப் பெண்ணுக்குப் பரப்பளவு என்றால் என்ன என்பது புரிந்துவிட்டது. பள்ளிக்கு வெளியே உள்ள வாழ்க்கையோடு அறிவை இணைக்க வேண்டும் என்று 2005-ஆம் ஆண்டின் தேசியக் கலைத்திட்ட வடிவமைப்பு சொன்னதற்கு எனக்குத் தெரிந்த அர்த்தம் இதுதான். அப்புறம் தேர்விலும் இதே மாதிரி அளந்து சொல்லும் கேள்வி வர வேண்டும். வெறும் சூத்திரத்தைக் கேட்டீர்கள் என்றால், அடுத்த வருஷம் பிள்ளைகள் கயிற்றைத் தொடக்கூட மாட்டார்கள்.

கேள்வி: கடைமடையில் இருக்கிறோம். நவம்பரில் மழை விடுமுறை, அதற்கப்புறம் ஓட்டமாகப் பாடம். இதை மாற்றவே முடியாதா? (ஒரு தந்தை)

பதில்: முடியும் ஐயா. டெல்டாவில் மழை எந்த மாதம் வரும், அறுவடை எந்த மாதம் என்பது எல்லாருக்கும் தெரியும், திட்டம் எழுதுகிறவருக்கு மட்டும் ஏன் தெரியாமல் போகிறது என்று எனக்கும் கோபம் வருவதுண்டு. இரண்டாம் பருவத்தின் கடினமான பாடங்களை அக்டோபர் முதல் பாதியில் எடுத்துவிட்டு, நவம்பருக்குப் பயிற்சியையும் திருப்புதலையும் வைக்கலாம். சம்பா அறுவடை நேரத்தில் வராத பிள்ளைகளுக்காக முக்கியமான கருத்துகள் இன்னொரு முறை வருகிற மாதிரி அடுக்க வேண்டும். ஒரே கருத்தைப் பல வகுப்புகளில் கொஞ்சம் கொஞ்சமாக ஆழப்படுத்தித் திரும்பத் தருவதை அமெரிக்க உளவியலாளர் ஜெரோம் புரூனர் 1960-இலேயே சொன்னார். ஒரு வருஷத்துக்குள்ளும் அதைச் செய்யலாம்.

கேள்வி: அரசுப் பாடநூலை மாற்ற நமக்கு உரிமை உண்டா? (அதே ஆசிரியை)

பதில்: நூலை மாற்ற முடியாது. பருவத்துக்குள் வரிசையும், எடுத்துக்காட்டும், எதற்கு எத்தனை பீரியட் என்பதும் உங்கள் கையில்தான். மேட்டூர் அணை திறந்த நாளைக் குறித்துக்கொண்டு, ஊர் வாய்க்காலுக்குத் தண்ணீர் எப்போது வருகிறது என்று பிள்ளைகளை நோட்டில் எழுதச் சொல்லுங்கள், தண்ணீர் பற்றிய பாடத்தை அங்கிருந்து தொடங்குங்கள். அதற்கு யாரிடமும் அனுமதி வாங்க வேண்டாம்.