பிக் பென் என்பது கோபுரமா, மணியா?

கேள்வி: லண்டன் நாடாளுமன்ற மணிக்கூண்டின் பெயர் பிக் பென் என்றுதான் படித்திருக்கிறேன். வினாடி வினா ஒன்றில் அதைத் தவறு என்றார்கள். சரியான விடை எது? அந்த பென் யார்?

பதில்: கோபுரத்தின் பெயரைக் கேட்டால் ‘எலிசபெத் கோபுரம்’ என்று எழுதுங்கள். இரண்டாம் எலிசபெத் அரசியின் வைர விழாவையொட்டி 2012இல் சூட்டிய பெயர் இது. அதற்கு முன் வெறும் ‘கடிகாரக் கோபுரம்’தான். சில நூல்களில் வரும் ‘செயின்ட் ஸ்டீபன் கோபுரம்’ அதிகாரபூர்வப் பெயராக இருந்ததே இல்லை. பிக் பென் என்பது உள்ளே தொங்கும் 13.7 டன் மணியின் செல்லப்பெயர். பேச்சுவழக்கில் கோபுரத்தையும் அப்படிச் சொல்வதில் குற்றமில்லை; தேர்வுத்தாளில் மட்டும் கவனம் தேவை.

பென் யார் என்பதற்கு இரண்டு விடைகள் உலவுகின்றன. ஒருவர் சர் பெஞ்சமின் ஹால். 1855 முதல் 1858 வரை பொதுப்பணிகளுக்குப் பொறுப்பாளராக இருந்தவர், ஆஜானுபாகுவான மனிதர். மற்றவர் குத்துச்சண்டை வீரர் பெஞ்சமின் கான்ட். ஹால் பக்கமே சான்று வலுவாக இருக்கிறது. அவர் பதவியில் இருந்தபோது வார்த்த மணி என்பதால் அவர் நினைவாக ‘பிக் பென்’ என்று அழைக்கலாம் என 1856 அக்டோபரிலேயே டைம்ஸ் நாளிதழ் எழுதிவிட்டது. கான்ட் 60 சுற்றுகள் மோதிய புகழ்பெற்ற சண்டையிலிருந்து பெயர் வந்தது என்பார்கள். அது நடந்ததோ 1857இல்.

டைம்ஸ் குறிப்பிட்ட மணி இன்று இல்லை. 1856இல் வார்த்த அந்த முதல் மணி சோதனையின்போதே விரிசல் விட்டது. அதை உருக்கி 1858 ஏப்ரலில் வைட்சேப்பல் வார்ப்பகத்தில் மறுபடி வார்த்தார்கள். 1859 ஜூலையில் ஒலிக்கத் தொடங்கியது; செப்டம்பரில் அதிலும் விரிசல்! வார்ப்பகம் சொன்ன அளவைப் போல இரண்டு மடங்குக்கும் மேல் கனமான சுத்தியலைப் பொருத்தியதே காரணம் என்கிறார்கள். 1863இல் அரச வானியலாளர் ஜார்ஜ் ஏரியின் யோசனைப்படி, அடி வேறிடத்தில் விழும்படி மணியைச் சற்றுத் திருப்பி, சுமார் 200 கிலோ சுத்தியலை மாட்டினார்கள். விரிசல் பரவாமலிருக்கச் சிறு சதுரமாக உலோகத்தை வெட்டியெடுத்தார்கள். இன்றும் அதே மணிதான்.

நேரில் கேட்கப் போனால், முதலில் வரும் மெட்டைப் பிக் பென் என்று எண்ணிவிடாதீர்கள். அது நான்கு சிறிய மணிகளின் வேலை. மெட்டு முடிந்ததும் கனத்த குரலில் ஒன்று, இரண்டு என்று மணியடிப்பதே பிக் பென். அதன் முதல் அடி விழும் நொடிதான் சரியான மணி; கைக்கடிகாரத்தைத் திருத்துவதானால் அந்த அடிக்குத் திருத்துங்கள்.