குளித்த நீரைத் தோட்டத்துக்குத் திருப்பலாமா?

கேள்வி: சிங்கப்பூரின் யீஷூனில் தரைவீட்டில் வசிக்கிறோம். தஞ்சாவூர்ப் பக்கம் என் பெரியப்பா வீட்டில் குளித்த நீர் வாய்க்கால் வழியே வாழைக்குப் போகும். எங்கள் வீட்டைப் புதுப்பிக்கும்போது, குளியலறை நீரையும் துணி துவைத்த நீரையும் சுத்திகரித்துச் செடிகளுக்கும் கழிவறைக்கும் பயன்படுத்த விரும்புகிறோம். இதற்கு அனுமதி தேவையா?
– வாசகி, யீஷூன்

பதில்: தேவை. குழாய்களை மாற்றிச் சுத்திகரிப்புச் சாதனம் பொருத்துவதென்றால், வேலை தொடங்குமுன், நீர் விநியோகத்தைக் கவனிக்கும் பொதுப் பயனீட்டுக் கழகத்தின் ஒப்புதலைப் பெறவேண்டும். வரைபடங்களைத் தகுதிபெற்ற பொறியாளரோ கட்டடக் கலைஞரோ சமர்ப்பிக்க, குழாய் வேலையை உரிமம் பெற்றவரே செய்யவேண்டும்.

கழிவறை நீரையும் சமையலறைத் தொட்டி நீரையும் இதில் சேர்க்கக்கூடாது. மீன் கழுவிய, எண்ணெய் மிதக்கும் நீர் சீக்கிரமே நாறிவிடும் என்பது சமைப்பவர்களுக்குத் தெரிந்ததுதான். சுத்திகரித்த நீரைக் கழிவறையில் ஊற்றவும் செடிகளுக்குப் பாய்ச்சவும் பயன்படுத்தலாம். ஆனால் தெளிப்பான் கூடாது, ஏனெனில் காற்றில் பரவும் நுண்துளிகளை நாம் சுவாசித்துவிடுவோம். குடிநீர்க் குழாயோடு இந்தக் குழாய் எந்த இடத்திலும் இணையக்கூடாது. தொட்டியில் கொசு நுழைய வழியிருக்கக்கூடாது. பெரியப்பாவின் வாழைக்கு இந்த நிபந்தனைகள் எதுவும் இல்லை!

சுத்திகரிக்காத நீரை வீட்டோர வடிகாலில் விடுவது குற்றம். மழைநீர் வடிகால்கள் நீர்த்தேக்கங்களுக்குச் செல்வதே காரணம். கழிவுநீர்க் குழாய்களின் பாதை வேறு. வாளிக் கழிவறைகள் 1987இல் ஒழிந்தபின் தீவு முழுவதும் கழிவுநீர்க் குழாய்களோடு இணைந்தது. கிராஞ்சியிலிருந்து சாங்கிவரை 48 கிலோமீட்டர் நீளும் ஆழ்சுரங்கம் அந்த நீரைச் சுத்திகரிப்பு ஆலைக்குச் சேர்க்கிறது. கழிவுநீரில் ஒரு பகுதி, நன்கு சுத்திகரித்து மீண்டும் பயன்படுத்தும் நியூவாட்டராக 2003 முதல் திரும்பி வருகிறது. ஆகவே, நீங்கள் 'வீணாகிறது' என்று நினைக்கும் நீர் இங்கே வீணாவதில்லை.

செலவையும் பாருங்கள். மாதம் 40 கன மீட்டர்வரை பயன்படுத்தும் வீடுகளுக்கு, 2025 ஏப்ரல் முதல் 1,000 லிட்டருக்கு நீர் வரிகள் உட்பட 3.24 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), பொருள் சேவை வரி தனி. நாளொன்றுக்கு 100 லிட்டர் மிச்சப்படுத்தினாலும் மாதம் ஏறக்குறைய பத்து வெள்ளிதான் கையில் நிற்கும். பம்பு, வடிகட்டி, மின்சாரம் எல்லாவற்றையும் அந்தத் தொகை ஈடுகட்டாது என்பதே என் கருத்து. கடைசி அலசல் நீரை வாளியில் பிடித்துத் தரை துடைக்கவும் கழிவறையில் ஊற்றவும் யாருடைய அனுமதியும் வேண்டாம். அதை அன்றன்றே தீர்த்துவிடுங்கள்.