ஐரோப்பிய யூனியன்ல இருந்து பிரிட்டன் வெளிய போனதால, அதுக்குள்ள வர காத்திருக்கிற நாடுகளுக்கு லாபமா நஷ்டமா?

ஒரு சீட் காலியானா வெயிட்டிங் லிஸ்ட்ல இருக்கவனுக்கு ஈஸிதானேன்னு கேட்டிருக்கீங்க. இல்லீங்க, இது சேது எக்ஸ்பிரஸ் பெர்த் கிடையாது. எங்க பாம்பன் பக்கம் நாலஞ்சு பேர் பங்கு போட்டு போட் வாங்குறப்ப, நல்லா காசு போடுற பங்காளி கழண்டுகிட்டா மிச்ச ஆளுங்க டீசல் செலவ யார் தலைல கட்டுறதுன்னுதான் பாப்பாங்க, புது ஆள சேக்குற பேச்சே வராது. ஐரோப்பிய யூனியன்லயும் கிட்டத்தட்ட அதே கதை. பிரிட்டன், யூனியன்கிட்ட தான் வாங்குறத விட அதிகமா பணம் கட்டுன நாடு, புது நாடுகள சேக்கணும்னு ரொம்ப காலமா ஆதரவா நின்னதும் அதுதான். 2020 ஜனவரி 31ல அது போனதும் வரிசைல நிக்கிற செர்பியா, அல்பேனியாவுக்கெல்லாம் உள்ள இருந்து பேச ஒரு பெரிய கை குறைஞ்சிருச்சு.

ஆனா எல்லா பழியையும் பிரிட்டன் மேல போடக்கூடாது. சேக்கணும்னா அத்தனை உறுப்பு நாடும் ஓகே சொல்லணும். பிரிட்டன் உள்ள இருக்கும்போதே, 2019 அக்டோபர்ல, அல்பேனியாவையும் வட மாசிடோனியாவையும் சேக்குற பேச்சுவார்த்தைய பிரான்ஸ் தடுத்துச்சு, இத்தனைக்கும் வட மாசிடோனியா கிரீஸோட தகராற முடிக்க தன் பேரையே மாத்திகிட்டு வந்து நின்னுச்சு, பாவம்.

காலி சீட்டுன்னு கேட்டீங்களே, யூனியனோட பார்லிமென்ட்ல நெசமாவே இருந்துச்சு. பிரிட்டனோட 73 சீட்ல 27ஐ மத்த நாடுங்க பிரிச்சுகிட்டு, 46ஐ பின்னால வர்றவங்களுக்குன்னு ஒதுக்கி வெச்சாங்க. 2024 தேர்தலுக்கு அதுலயும் 15ஐ இருக்கிறவங்களே எடுத்துகிட்டாங்க!

வரிசை மறுபடி நகந்தது 2022ல, ரஷ்யா உக்ரைன்குள்ள புகுந்த அப்புறம்தான்.