சிவில் படிக்கும் மகள், வெல்டிங் படிக்க விரும்பும் மகன்: உதவித்தொகை உண்டா?

கேள்வி: நான் திருச்சி துவாக்குடியில் ஒரு பட்டறையில் வெல்டராக இருக்கிறேன். மெட்ரிக் பள்ளியில் படித்த என் மகள், கலந்தாய்வு மூலம் பி.இ. சிவில் முதலாண்டில் சேர்ந்திருக்கிறாள். மகன் மெக்கானிக்கல் டிப்ளமோவை முடிக்கப்போகிறான். வெல்டிங்கிலேயே பட்டம் பெற விரும்புகிறான். எங்கள் குடும்பத்தில் இதுவரை பட்டதாரி எவரும் இல்லை. இருவருக்கும் உதவித்தொகை கிடைக்குமா?

பதில்: முதலில் மகளைப் பார்ப்போம், ஏனெனில் அவருக்குக் காலம் குறைவு. அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு (ஏ.ஐ.சி.டி.இ.) மாணவிகளுக்கு வழங்கும் பிரகதி உதவித்தொகை ஆண்டுக்கு 50,000 ரூபாய். குடும்ப ஆண்டு வருமானம் 8 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். ஒரு குடும்பத்தில் இரு பெண்கள் வரை பெறலாம். பட்டப்படிப்பில் முதலாண்டிலோ, டிப்ளமோ முடித்து நேரடியாகச் சேரும் இரண்டாம் ஆண்டிலோ மட்டுமே இதற்கு விண்ணப்பிக்க முடியும் என்பதால், இந்த ஆண்டைத் தவறவிட்டால் அடுத்த ஆண்டு வாய்ப்பில்லை. வருமானச் சான்றிதழை இப்போதே வாங்கி, வங்கிக் கணக்கை ஆதாருடன் இணைத்து, தேசிய உதவித்தொகை இணையதளத்தில் பதிவு செய்யச் சொல்லுங்கள்.

தமிழக அரசின் முதல் பட்டதாரி கட்டணச் சலுகையும் கலந்தாய்வில் சேர்ந்த உங்கள் மகளுக்கு உரியதுதான். ஆனால் வேறு அரசு உதவித்தொகை பெறுவோருக்குப் பிரகதி கிடையாது என்பது விதி. ஆகவே இரண்டையும் கல்லூரி அலுவலகத்தில் வைத்துப் பேசி, எது கூடுதல் பயன் தரும் என்று கணக்கிட்ட பிறகே முடிவெடுங்கள். முதல் பட்டதாரிச் சலுகை குடும்பத்தில் ஒருவருக்கே. அதை மகள் பெற்றுவிட்டால் மகன் கேட்க முடியாது. இதை இருவரையும் உட்கார வைத்துப் பேசிவிடுவது நல்லது.

மகன், வெல்டிங் என்ற பெயரிலேயே இளநிலைப் பட்டம் தேடி அலைய வேண்டாம். மெக்கானிக்கல், உற்பத்திப் பொறியியல், உலோகவியல் ஆகிய மூன்றும் அந்தத் துறைக்கான வாசல்களே. என் விருப்பம் உலோகவியல், ஏனெனில் பற்றவைத்த இணைப்பில் ஏன் விரிசல் விழுகிறது என்பதை அது வேரிலிருந்து சொல்லித்தரும். நேரடி இரண்டாம் ஆண்டுக் கலந்தாய்வில் சேர்ந்து பட்டம் முடித்தால், உங்கள் ஊருக்கு அருகிலேயே உள்ள திருச்சி என்.ஐ.டி.யில் வெல்டிங் பொறியியலில் எம்.டெக். படிக்கலாம். பொறியியல் முதுநிலைப் படிப்புக்கான கேட் (GATE) தேர்வில் தகுதி பெற்றுச் சேருவோருக்கு மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை உண்டு.

அதுவரையிலான செலவுக்குச் சமூகப் பிரிவு சார்ந்த உதவித்தொகையைக் கல்லூரி வழியாக விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். கல்விக் கடன் வாங்க நேர்ந்தால், ஆண்டு வருமானம் 4.5 லட்சத்துக்குள் உள்ள குடும்பங்களுக்குப் படிப்புக் காலத்து வட்டியை மத்திய அரசே ஏற்கும் திட்டத்தை வங்கி மேலாளரிடம் பெயர் சொல்லிக் கேளுங்கள்: மத்தியத் துறை வட்டி மானியத் திட்டம்.